பழைய பாட்டுக்கு எத்தனை வயது?

வானொலியில் ‘பழைய பாடல்கள்’ நேரம் என்று ஒன்று எப்போதும் உண்டு. ஆண்டுகள் போகப்போக அதில் வரும் பாட்டுகளின் வயதும் கூடிக்கொண்டே போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கூடுவதில்லை. நான் தோட்டத்துச் சிறுமியாக இருந்த 1960களின் கடைசியில் பழைய பாட்டு என்றால் எம். கே. தியாகராஜ பாகவதர், பி. யு. சின்னப்பா, கே. பி. சுந்தராம்பாள். எல்லாம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுக்கு முந்தியவை. தையல் பழகி லாயாங் லாயாங்கில் கடை போட்ட 1980களில் அந்த நேரத்தை ஏ. எம். ராஜாவும் ஜிக்கியும் கண்டசாலாவும் எடுத்துக்கொண்டார்கள். 1990களில் டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும். பிறகு இளையராஜா. இப்போது 1992இல் வந்த ‘ரோஜா’ படத்துப் பாட்டும் அங்கே வந்துவிட்டது. துணி நகர நகர ஊசி ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருப்பதுபோல, கேட்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக நகர, ‘பழசு’ மட்டும் முப்பது ஆண்டு தூரத்திலேயே நிற்கிறது. அந்தத் தூரத்தைத் தாண்டிப் போன பாட்டுகள் எங்கே போயின, யார் அவற்றைப் போகச் சொன்னார்கள் என்று நெடுநாளாக யோசித்துவருகிறேன்.

தையல்காரிக்குக் கண்ணும் கையும் வேலையில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். கடை திறந்ததும் நான் முதலில் போடுவது ரேடியோ, பிறகுதான் விளக்கு. நாற்பது ஆண்டுக்கு மேலாக நாள் முழுக்க வானொலி கேட்பவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். வானொலி நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள்கூட நேரம் முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

எங்கள் லாயாங் லாயாங் பட்டணம் மலேசியாவில், ஜொகூரின் குளுவாங் மாவட்டத்தில், ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. சுற்றிலும் தோட்டங்கள். பக்கத்து உலு ரெமிஸ் தோட்டத்தின் பெயர் செம்பனை ஆராய்ச்சி செய்கிற உலகத்தார் எல்லாருக்கும் தெரியும். அங்கே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ‘டெலி டூரா’ வகை மரங்களின் வழித்தோன்றல்கள் பல நாடுகளுக்குப் போயிருக்கின்றன. செம்பனையை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

வானொலி எங்கள் பக்கம் வந்தது பாட்டுக்காக இல்லை. 1937இல் சிங்கப்பூர் கால்டிகாட் குன்றில் ஒலிபரப்பு நிலையம் அமைந்தது. போருக்குப் பிறகு 1946 ஏப்ரல் 1 அன்று ரேடியோ மலாயா தொடங்கியது. ஆனால் தோட்டத்துத் தொழிலாளியிடம் ரேடியோ வாங்கக் காசு ஏது? 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜொகூரின் நடுப்பகுதி, அதாவது குளுவாங், ரெங்கம், கூலாய் எல்லாம், கடுமையாக அடிபட்ட இடங்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளின் பேச்சைவிட அரசாங்கத்தின் பேச்சு மக்கள் காதில் முதலில் விழவேண்டும் என்று, புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுவில் கேட்கும் வானொலிப் பெட்டிகளை அரசாங்கம் வைத்தது. அந்தப் பிரச்சார வேலையை நடத்த 1950இல் லண்டனிலிருந்து வந்தவர் ஹியூ கார்ல்டன் கிரீன். எழுத்தாளர் கிரகாம் கிரீனின் தம்பி, பிற்காலத்தில் பிபிசியின் தலைமை இயக்குநர். தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைக் கேட்டவர் என் அப்பா. “செய்தி சொல்லுவான், சரணடையச் சொல்லுவான், நடுவுல பாகவதர் பாட்டுப் போடுவான். பாட்டுக்காகத்தான் நாங்க உட்கார்ந்திருப்போம்” என்பார்.

1959இல் சிங்கப்பூரும் கோலாலம்பூரும் தனித்தனி வானொலிகளாகப் பிரிந்தன. அந்தப் பிரிவினால் ஜொகூர்காரர்களுக்கு ஒரு யோகம் வாய்த்தது. தெற்கே இருக்கும் எங்களுக்கு இரண்டு தமிழ் ஒலிபரப்பும் கிடைத்தன. கம்பியை இழுத்துக் கட்டி, பெட்டியைத் திருப்பி வைத்து, கோலாலம்பூர் இரைந்தால் சிங்கப்பூர், சிங்கப்பூர் இரைந்தால் கோலாலம்பூர். புதுப்படப் பாட்டு சிங்கப்பூரில் முதலில் வரும் என்பது எங்கள் லயத்துப் பிள்ளைகளின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளின், கணக்கு. பழைய பாட்டுக்குக் கோலாலம்பூர்.

நான் வளர்ந்த லயத்தில் ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம்தான் மின்சாரம். ஆகவே டிரான்சிஸ்டர். பேட்டரி தீர்ந்துபோனால் அம்மா அதை முற்றத்தில் வெயிலில் காயவைப்பார். இன்னும் இரண்டு நாள் பாடும். அந்த டிரான்சிஸ்டரில் நாங்கள் எல்லாரும் காத்திருந்து கேட்டது நேயர் விருப்பம். அஞ்சலட்டையில் பாட்டின் பெயரும் கேட்கிறவர்கள் பெயரும் எழுதிப் போடவேண்டும். அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் பெயர்களை வாசிப்பார்: அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை, மாமா, பாட்டி, தோட்டத்தின் பெயர், ஊர்ப் பெயர். லாயாங் லாயாங் என்று வானொலியில் கேட்டுவிட்டால் மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் அதுதான் பேச்சு.

அந்த அஞ்சலட்டைகளைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. எங்கள் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்காக எழுதியது நான். “சுந்தராம்பா பாட்டுப் போடச் சொல்லி எழுதுடி” என்பார், எழுதுவேன். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குச் சின்னப்பா, அதையும் எழுதுவேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கையெழுத்தில் எழுபது வயதுக்காரர்களின் ஆசைகள் வானொலி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நேயர் விருப்பத்தில் அவ்வளவு பழைய பாட்டுகள் வந்ததற்கு இது ஒரு காரணம் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். பின்னால் தொலைபேசி வந்தது, குறுஞ்செய்தி வந்தது, வாட்ஸ்அப் வந்தது. கையில் போன் வைத்திருப்பவர் தனக்கு வேண்டியதைத் தானே கேட்கிறார். பாட்டிக்காகக் கேட்க யாரும் உட்காரவில்லை.

அட்டை வந்தால் மட்டும் பாட்டு வந்துவிடாது. நிலையத்தில் இசைத்தட்டு இருக்கவேண்டும், அதைத் தேடி எடுக்க மனமுள்ள அறிவிப்பாளரும் இருக்கவேண்டும். அந்தக் காலத்து அறிவிப்பாளர்களில் பலர் இலக்கியம் படித்தவர்கள், எழுதியவர்கள். எழுத்தாளர் ரெ. கார்த்திகேசு பினாங்கில் பேராசிரியராவதற்கு முன்பு மலேசிய வானொலியில் பணியாற்றியவர்தான். அப்படிப்பட்டவர்கள் தங்கள் காதை நம்பிப் பாட்டு எடுத்தார்கள். ஒருவருக்கு சி. எஸ். ஜெயராமன் பிடித்திருந்தால், அவர் பணியில் இருக்கும் நாளில் எங்களுக்கும் ஜெயராமன் கிடைப்பார். கேட்டுக் கேட்டு, அறிவிப்பாளர் பெயரைச் சொல்லுமுன்பே இன்று என்ன மாதிரிப் பாட்டு வரும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

இதைச் சொல்லும்போது தமிழ்நாட்டு வானொலியையும் நினைக்கவேண்டும். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று கருதியவர். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் ஏறக்குறைய இல்லாமலே போனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? இலங்கை வானொலியைத் திருப்பினார்கள். கொழும்பிலிருந்து சிற்றலையில் வந்த தமிழ்ப் பாட்டுதான் தென்னிந்திய வீடுகளில் ஒலித்தது. கடைசியில் டில்லி இறங்கிவந்து 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதியைத் தொடங்கவேண்டியதாயிற்று. அமைச்சர் ஒருவர் வேண்டாம் என்றபோதுகூடப் பாட்டு கடல் தாண்டி வந்து சேர்ந்திருக்கிறது. அப்படியிருக்க, யாருமே தடை சொல்லாத பாகவதரும் சின்னப்பாவும் எப்படிக் காணாமல் போனார்கள்?

தட்டில் தொடங்கவேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தக் கறுப்புத் தட்டு அரக்குக் கலவையில் செய்தது. கீழே விழுந்தால் உடையும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், மூன்றரை நிமிடம் பாடும். 1930, 40களின் பாட்டு முழுவதும் அதில்தான் இருந்தது. பிறகு நெடுந்தட்டு வந்தது, ஒலிநாடா வந்தது, கேசட் வந்தது, குறுவட்டு வந்தது, கடைசியில் கணினி. ஒவ்வொரு முறை மாறும்போதும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பழையதைப் புதியதில் ஏற்றவேண்டும். எல்லாவற்றையும் யாரும் ஏற்றமாட்டார்கள். நேரம் இருக்காது, ஆள் இருக்காது, தட்டில் கீறல் இருக்கும். அதிகம் கேட்கப்படுவதை முதலில் ஏற்றுவார்கள். மற்றது அலமாரியில் நிற்கும். அடுத்த மாற்றத்தில் அலமாரியே போய்விடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை இது. ஆனாலும் ஐந்து தடவை சலித்த பிறகு மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

இதில் கேசட்டின் பங்கைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. 1980களில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கேசட் விற்காத வாரமே கிடையாது. அறுபது நிமிட நாடாவில் நாலு நிமிடப் பாட்டுகள் பதினான்கு, பதினைந்து அடங்கும். டி. எம். எஸ். தத்துவப் பாடல்கள், எம்.ஜி.ஆர். பாடல்கள், சிவாஜி சோகப் பாடல்கள் என்று தொகுத்துப் போடுகிறவர், விற்கும் என்று தெரிந்த பதினைந்தை எடுப்பார். அடுத்த கம்பெனியும் அதே பதினைந்தில் பத்தை எடுக்கும். ஆயிரக்கணக்கில் பாடியவர் டி. எம். சௌந்தரராஜன், இன்று வானொலியில் மாறி மாறி வருபவை அந்தத் தொகுப்புக் கேசட்டுகளில் இருந்த பாட்டுகளே. என் கடையில் இன்னும் இரண்டு பெட்டி நிறையக் கேசட் வைத்திருக்கிறேன். அட்டையைப் பார்த்தாலே போதும், நாளை எந்தப் பாட்டுப் போடுவார்கள் என்று பாதியாவது சொல்லிவிடுவேன்.

அப்புறம் கணினி. வானொலியில் வேலை பார்த்த என் வாடிக்கையாளர் ஒருவர், ரவிக்கை அளவு கொடுக்க வந்தபோது இதைப் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டு, பாடகர், இசையமைப்பாளர், வேகம் என்று குறிப்பு எழுதிக் கணினியில் போட்டு வைத்திருப்பார்கள். ஒரே பாடகர் அடுத்தடுத்து வரக்கூடாது, காலையில் வேகமான பாட்டு, இரவில் மெதுவானது, புதுப்பாட்டு இத்தனை மணிக்கு ஒரு முறை என்று விதிகள். அந்த விதிப்படி கணினியே நாளைய பட்டியலைப் போட்டுக் கொடுத்துவிடும். பட்டியலில் இல்லாத பாட்டை அறிவிப்பாளர் நினைத்தாலும் சட்டென்று நுழைக்க முடியாது.

இந்த முறை அமெரிக்காவில் முற்றியது. அங்கே 1980களின் நடுவில் ஃபிரெட் ஜேக்கப்ஸ் என்ற ஆலோசகர், பத்து இருபது ஆண்டுக்கு முந்திய ராக் பாட்டுகளை மட்டும் போடும் ‘கிளாசிக் ராக்’ வானொலி முறையைப் பரப்பினார். எந்தப் பாட்டைப் போடுவது என்று அறிய, ஆட்களை ஓர் அரங்கில் உட்காரவைத்து, நூற்றுக்கணக்கான பாட்டுகளின் சில விநாடித் துண்டுகளைப் போட்டுக் காட்டி மதிப்பெண் வாங்குவார்கள். குறைந்த மதிப்பெண் வாங்கியது வெளியே. அரங்குக்கு அழைக்கப்படுபவர்களின் வயது மாறாது. விளம்பரக்காரர்கள் விரும்பும் வயது 25 முதல் 54 வரை. ஆண்டுதோறும் புதிதாக ஒரு கூட்டம் அந்த வயதுக்குள் வரும், ஒரு கூட்டம் வெளியே போகும். ‘நெவர்மைண்ட்’ என்ற தொகுப்பை 1991இல் வெளியிட்ட நிர்வானா குழு, அன்றைக்குப் பழைய ராக்கை ஓரந்தள்ள வந்த குழு. இன்று அதே கிளாசிக் ராக் நிலையங்களில் ஒலிக்கிறது. நியூயார்க்கின் டபிள்யூசிபிஎஸ் எஃப்எம் பல்லாண்டு பழைய பாட்டுப் போட்டுப் பேர் வாங்கிய நிலையம். 2005 ஜூனில் ஒரே நாளில் அதை விட்டுவிட்டு வேறு முறைக்கு மாறியது. கேட்டுவந்தவர்கள் கொதித்தார்கள். 2007 ஜூலையில் பழைய பெயரோடு திரும்பி வந்தது. ஆனால் திரும்பி வந்த பட்டியலில் 1950களின் பாட்டுகள் ஏறக்குறைய இல்லை. அவற்றோடு வளர்ந்தவர்களுக்கு அப்போது அறுபதைத் தாண்டியிருந்தது.

அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஐம்பத்து நாலு வயதோடு ஒரு மனிதர் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறார். அவர் கேட்டு வளர்ந்த பாட்டும் அவரோடு போகிறது. பாட்டு நல்லதா கெட்டதா என்ற கேள்வியே எழுவதில்லை. எங்கள் நாட்டில் இந்த வேகம் எல்லா நிலையத்திலும் ஒன்றாக இல்லை. அரசாங்க வானொலியின் தமிழ்ப் பிரிவு முன்பு ஆறாவது வானொலி, இப்போது மின்னல் எஃப்எம். அது விளம்பரத்தை நம்பிப் பிழைப்பதில்லை. அங்கே பழைய பாட்டு மெதுவாகத்தான் நகர்கிறது. தனியார் ராகா வந்த பிறகு இளைஞர்கள் அந்தப் பக்கம் போனார்கள். அங்கே பழசு சீக்கிரம் பழசாகிறது. சிங்கப்பூரின் ஒலி 96.8 இரண்டுக்கும் நடுவில் என்பது என் காதின் கணக்கு.

செம்பனைக்கு வருகிறேன். ரப்பர் மரத்துக்குத் தினமும் ஆள் வேண்டும். விடியுமுன் மரத்துக்கு மரம் போய்ப் பால் வெட்டவேண்டும். செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டியதில்லை. எங்களைச் சுற்றியிருந்த ரப்பர் செம்பனையாக மாறியபோது லயங்கள் காலியாயின. குடும்பங்கள் கூலாய், செனாய், ஸ்கூடாய், மாசாய், பாசீர் கூடாங் என்று தொழிற்சாலைப் பக்கம் போயின. பலர் மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். லயத்து வாசலில் பத்துப் பேர் சேர்ந்து கேட்ட வானொலி, காரில் தனி ஆள் கேட்கும் வானொலி ஆனது. பத்துப் பேர் கேட்டபோது பாட்டிக்குப் பிடித்த பாட்டைப் பேரனும் கேட்டாகவேண்டும். எழுந்து போக இடமில்லை. அப்படித்தான் எனக்கு 1940களின் பாட்டு தெரியும். நான் பிறப்பதற்கு முன் வந்த பாட்டுகளை நான் தேடிப் போகவில்லை, பாட்டி மடியில் படுத்திருந்ததால் அவை என் காதில் விழுந்தன. என் அண்ணன் மகனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ‘ரோஜா’ பாட்டு வந்தபோது “அத்தை, உங்க காலத்துப் பாட்டு” என்றான். அந்தப் படம் வந்தபோதே எனக்குக் கடை இருந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். “என் காலம் அதுக்கு ரொம்ப முந்தி கண்ணு” என்றேன்.

ஒரு வகைப் பாட்டு மட்டும் இந்த நகர்வுக்குத் தப்பி நிற்கிறது. காலையில் வரும் பக்திப் பாடல்கள். சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு, டி. எம். எஸ். பாடிய முருகன் பாட்டு, எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஆகியவற்றை யாரும் ‘பழைய பாடல்கள்’ நேரத்தில் போடுவதில்லை. அவற்றுக்கு ஆண்டு கிடையாது. தைப்பூசம் வந்தால் வந்தாகவேண்டும், ஆடி வந்தால் வந்தாகவேண்டும். விளம்பரக்காரரும் அரங்கத்து மதிப்பெண்ணும் தொடமுடியாத ஓர் இடத்தை நாட்காட்டி பிடித்துவைத்திருக்கிறது. ஜூன் 24க்கும் அதே பலம் உண்டு, கண்ணதாசனும் எம். எஸ். விஸ்வநாதனும் பிறந்த நாள். அன்றைக்கு மற்ற நாளில் வராத பாட்டுகள் நாலைந்தாவது தலைகாட்டும்.

மரணமும் அப்படி ஒரு நாளைக் கொண்டுவருகிறது. 2011 பிப்ரவரியில் மலேசியா வாசுதேவன் இறந்தபோது, இந்த மண்ணில் பிறந்தவர் என்பதால் எங்கள் வானொலிகள் அவரை விடவே மனமில்லாமல் போட்டன. 1977இன் ‘16 வயதினிலே’யிலிருந்து, நான் மறந்தே போயிருந்த பாட்டுகள் வரை. 2020 செப்டம்பரில் எஸ். பி. பாலசுப்ரமணியம் போனபோது நாங்கள் நோய்த்தொற்றுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தோம். எந்த நிலையத்தைத் திருப்பினாலும் அவர் குரல். தைத்துக்கொண்டே அழுதேன். கொஞ்ச நாள் கழித்துப் பட்டியல் பழையபடி ஆனது.

இளையவர்கள் பழைய பாட்டைக் கையில் எடுப்பதும் நடந்திருக்கிறது. 2006இல் எங்கள் நாட்டு ராப் பாடகர் யோகி பியும் நட்சத்திரா குழுவும் சேர்ந்து ‘வல்லவன்’ தொகுப்பில், ‘நிழல்கள்’ (1980) படத்து இளையராஜா பாட்டு ஒன்றை எடுத்துத் தங்கள் ராப்போடு பின்னினார்கள். அது தமிழ்நாடு வரை போனது. என் கடைக்கு வந்த பெண்பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு, முதல் பாட்டு எது என்று என்னிடம் கேட்டார்கள். கேசட்டை எடுத்துப் போட்டுக் காட்டினேன். ஒரு பாட்டு பட்டியலுக்குள் திரும்பி வர எனக்குத் தெரிந்த நல்ல வழிகளில் இது ஒன்று.

பாகவதர் காலத்துப் பாட்டுக்கு அப்படி யாரும் இன்னும் வரவில்லை. யூடியூபில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பெயர் தெரிந்தவர் தேடினால் கிடைக்கும். பெயரே தெரியாதவர் காதில் ஒரு பாட்டைப் போய் விழவைப்பது வானொலிதான். ஆகவே நான் இப்போது பாட்டி வேலையையும் பேத்தி வேலையையும் சேர்த்தே பார்க்கிறேன். நிலையம் ஒன்றின் விருப்பப் பாடல் நேரத்துக்கு வாரம் தவறாமல் போன் போடுகிறேன். முதல் முறை, “எந்தப் படம்மா?” என்று கேட்டார் அந்தத் தம்பி.

“‘சிவகவி’ப்பா. 1943.”

“அது எங்க பட்டியல்ல இல்லீங்களேம்மா.”

“தெரியும்பா. அதனாலதான் கேக்கிறேன். தேடிப் பாருங்க, நான் அடுத்த வாரமும் கூப்பிடுவேன்.”

அவர் சலித்துக்கொள்ளவில்லை. சில வாரம் கழித்துத் தேடி எடுத்துப் போட்டார், லாயாங் லாயாங் அம்மா கேட்டது என்று சொல்லி. அதற்கு மறுவாரம் சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஒரு பெரியவர் ‘ஹரிதாஸ்’ கேட்டு அழைத்தார். இந்த வாரம் நான் கேட்கப்போவது சின்னப்பா, 1944இன் ‘ஜகதலப்பிரதாபன்’. உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா, ஒரு தாத்தா இருப்பார்கள். என்ன பாட்டு வேண்டும் என்று அவர்களைக் கேட்டு, அவர்கள் சார்பில் ஒரு முறை அழைத்துக் கேளுங்கள்.